ஆண்டுக்கு ஒரு நாள் பூட்டிய கதவு

பிப்ரவரி 8, 2022. செவ்வாய்

கடைக்குப் போய்வர ஒரு மணி நாற்பது நிமிடம். பிரீஸ் தோட்டத்து வழியே போனால் நாற்பது நிமிடத்தில் வீடு திரும்பி கெட்டிலை வைத்திருப்பேன். கார் சாலையில் இன்று பதினான்கு முறை வேலியோடு ஒட்டி நின்றேன். பால் லாரிக்காரன் கையைத் தூக்கினான். மன்னிப்புக் கேட்கிறானா, ஒதுங்கு என்கிறானா, தெரியவில்லை. முள் கோட்டின் முதுகைக் கிழித்துவிட்டது. தைக்க வேண்டும்.

வீட்டில் கவுன்சில் கடிதம் கிடந்தது. விசாரணை ஜூன் 14, காலை பத்து மணி, மன்ட்லி ஊர் மண்டபம். பிரீஸ் தோட்டத்தை வாங்கிய ஹார்கிரேவ் அதன் கதவில் பூட்டுப் போட்டது 2018 அக்டோபர். அது பொதுவழி என்று நான் கவுன்சிலில் மனுப் போட்டது அடுத்த மாதமே. அன்றிலிருந்து எத்தனை கடிதங்கள், எத்தனை ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’! எனக்குப் பொறுமை கிடையாது. அவர்களாக நன்றி சொல்லிக்கொள்கிறார்கள்.

சந்தோஷப்பட வேண்டிய நாள். கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

பிப்ரவரி 9

செட்ரிக்கிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பக்கத்து வீடு, எண்பத்து மூன்று வயது, நாற்பது வருஷம் டிராக்டர் ஓட்டியவர். இப்போது கண்ணின் நடுவில் கறுப்பு விழுந்துவிட்டது. ஓரங்கள் மட்டும் தெரியும். என் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் என் காதைப் பார்க்கிறார். முதல் தடவை அப்படிப் பார்த்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. “உன் மூஞ்சி தெரியாம போனதுல பெரிய நஷ்டம் ஒண்ணும் இல்ல மேவிஸ்” என்றார்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஹெர்ஃபர்டில் கண்ணுக்கு ஊசி. பஸ் மன்ட்லியில்தான் நிற்கும். தோட்டத்து வழி திறந்திருந்தால் கம்பை ஊன்றிக்கொண்டு தானே போய்விடுவார். மண்ணும் புல்லும் அவர் காலுக்குத் தெரியும். சாலையில் அது நடக்காது. சாலையில் நடந்தே போவேன் என்று அவர் சொல்லப்போக, மகன் ஸ்விண்டனிலிருந்து போன் செய்து, கோடைக்குள் ஒரு முடிவு தெரியாவிட்டால் முதியோர் இல்லத்தில் இடம் பார்க்கிறேன் என்றிருக்கிறான். நல்ல பையன்தான். அவன் சொல்வதில் தப்பும் இல்லை. அதுதான் பயம்.

பிப்ரவரி 16

ஹார்கிரேவிடமிருந்து கடிதம். நான் மனுவைத் திரும்பப் பெற்றால், ‘நல்லெண்ணத்தின் பேரில்’ எங்களை நடக்க அனுமதிப்பாராம். எப்போது வேண்டுமானாலும் அந்த அனுமதியை நிறுத்தவும் அவருக்கு உரிமை உண்டாம்.

செட்ரிக்குக்குப் படித்தேன். “அனுமதியா? இவன் நேத்து வந்தவன். எங்கப்பா அந்த வழியிலதான் என்னைக் கைக்குழந்தையா தூக்கிட்டு வந்தார். இவன் போடுற பிச்சையில நான் நடக்கணுமா? செத்தாலும் மாட்டேன்.”

நானும் அதையேதான் நினைத்தேன். நான்கு வரியில் மறுத்து எழுதிப் போட்டேன். ‘தங்கள் உண்மையுள்ள’ போடவில்லை.

மார்ச் 4

ஹார்கிரேவ் தரப்பு வாக்குமூலம் வந்தது. முப்பத்தொரு பக்கம். அந்த வழியில் தடமே இருந்ததில்லையாம். நடந்தவர்கள் எல்லோரும் பழைய முதலாளி எட்கர் பிரீஸின் ஆட்களாம். வெளியாள் யாரும் நடந்ததில்லையாம். சிவப்பு மையால் ஒவ்வொரு பொய்க்கும் அடியில் கோடு போட்டேன். ஒன்பது. ஒரு பெரிய மனிதன், ஒரு வக்கீலையும் வைத்துக்கொண்டு, கூச்சமில்லாமல் ஒன்பது பொய்.

நான் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். பிரீஸின் கொட்டகையில் முப்பத்தொரு வருஷம் ஆப்பிள் தரம் பிரித்தவள். ஆனால் என் மனுவில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது.

மார்ச் 9

சட்டம் மிக எளிது. தகராறு வந்த நாளுக்கு முந்திய இருபது வருஷம், யாரையும் கேட்காமல், யாரும் தடுக்காமல், ஒளியாமல் ஜனங்கள் நடந்திருந்தால் அது பொதுவழி. 1952இல் பொதுவழிகளுக்கு வரைபடம் போட்ட ஊர்க்காரர்கள் இதைச் சேர்க்காமல் விட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் பிரீஸ் வீட்டில் விருந்து சாப்பிட்டவர்கள். சேர்த்திருந்தால் இன்று இந்த வம்பே இல்லை. அவர்கள் எல்லோரும் செத்துவிட்டார்கள், யாரைத் திட்டுவது? ஊர் கவுன்சில் எழுத்தரைத் திட்டினேன். அவர் அப்போது பிறக்கவே இல்லை என்றார்.

மார்ச் 22

நூலக வண்டி வந்தது. கேட்டிருந்த புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பொதுவழிச் சட்டம், அறுநூறு பக்கம். இரண்டு வாரத்தில் திருப்பித் தர வேண்டும். ஹார்கிரேவின் வக்கீல் என்ன கேட்பான் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

மாலை வரை படித்தேன். நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில் நிறுத்தினேன்.

மார்ச் 23

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் யோசிக்க முடியும்.

அந்தப் பக்கத்தில் இருப்பது இது. தன் நிலத்தில் பொதுவழி உரிமை உண்டாகக் கூடாது என்று நினைக்கிற நிலச் சொந்தக்காரர்கள் பழைய காலத்திலிருந்தே ஒன்று செய்வார்களாம். வருஷத்தில் ஒரே ஒரு நாள் வழியை அடைத்துப் பூட்டி வைப்பார்கள். அந்த ஒரு நாள் போதும். மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் ஜனங்கள் நடந்தது அவர்கள் விட்டதனால்தான் என்று ஆகிவிடும்.

அந்த வரியை விரல் வைத்து மறுபடி படித்தேன்.

எட்கர் பிரீஸ் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ராஸ் ஊரில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போவார். போவதற்கு முந்திய நாள் கொட்டகையில் ஒரு சங்கிலியையும் பூட்டையும் என்னிடம் தருவார். கிறிஸ்மஸ் காலை கதவில் போட்டு, மறுநாள் காலை எடுத்துவிட வேண்டும். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்கு அந்த வேலை. கூலி ஒரு பாட்டில் பேரிக்காய்ச் சாராயம். 1991இல் தொடங்கி, நான் ஓய்வு பெற்ற 2008 வரை; அதன் பிறகு யாரும் பூட்டவில்லை. பதினெட்டு கிறிஸ்மஸ்.

நான்தான் பூட்டினேன். வேறு யாரும் இல்லை, நான்!

மனுவில் கேள்வி எண் பதினொன்று: ‘இந்த வழியில் எப்போதாவது கதவு பூட்டப்பட்டதுண்டா?’ ‘ஒருபோதும் இல்லை’ என்று எழுதி, ‘ஒருபோதும்’ என்பதன் கீழே கோடு வேறு போட்டேன். பொய் சொல்ல வேண்டுமென்று எழுதவில்லை. எனக்கு அது பூட்டியதாகவே தோன்றவில்லை. கிறிஸ்மஸ் அன்று யார் எங்கே நடக்கிறார்கள்? எல்லோர் வீட்டிலும் அடுப்பில் வாத்து. யாரும் திறக்காத கதவில் ஒரு சங்கிலி தொங்கினால் அது பூட்டா? செம்மறிகள் இருந்தன, வெளியாள் வந்து கதவைத் திறந்து போட்டுவிடக் கூடாது, அதற்காகத்தான் என்று நினைத்தேன்.

நினைத்தேனா?

மார்ச் 24

செம்மறிக்காகத்தான். வேறெதற்காக இருக்க முடியும்?

மார்ச் 29

கோட்டைத் தைத்தேன். நூல் நிறம் பொருந்தவில்லை.

ஏப்ரல் 2

செம்மறிக்காக இல்லை.

காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது நினைவு வந்தது, எட்கரின் குரலோடு. முதல் வருஷம். சங்கிலியைக் கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டே சொன்னார்: “வக்கீல் சொல்றார், வருஷத்துல ஒரு நாள் போதுமாம். கிறிஸ்மஸ்னா யாருக்கும் தொந்தரவு இல்ல, பாரு. ஜனங்க நடந்துட்டுப் போகட்டும், எனக்கென்ன. ஆனா நாளைக்கு எவனாவது என் தோட்டத்துல உரிமை கொண்டாடக் கூடாது.”

வேறெதுவும் கேட்காமல் சரி என்றேன். முதலாளி சொன்னார், செய்தேன்.

கெட்டவர் இல்லை எட்கர். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத நாளாகத் தேடிப் பிடித்தார். அந்த நல்ல மனம்தான் இப்போது என் கழுத்தைப் பிடிக்கிறது.

இது யாருக்குத் தெரியும்? எட்கர் 2015இல் போய்விட்டார். மகன் ஆஸ்திரேலியாவில், தோட்டத்தை ஹார்கிரேவுக்கு விற்ற பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை. தங்கையும் இல்லை. ஹார்கிரேவின் முப்பத்தொரு பக்கத்தில் சங்கிலி என்ற சொல்லே இல்லை. நான்கு முறை தேடிவிட்டேன்.

உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஏப்ரல் 11

கவுன்சிலில் இந்த வழக்கைப் பார்க்கும் பெண் கிளெனிஸுக்கு போன் செய்தேன். பொதுவாக ஒரு சந்தேகம் என்றேன். ஒரு கதவை ஒரு நாள் மட்டும் பூட்டியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது.

“மிஸஸ் காட்ஸால், நீங்க எங்கிட்ட எது சொன்னாலும் நான் எழுதி ஃபைல்ல வைக்கணும். அதனால, நான் எழுதக் கூடாதுன்னு நீங்க நினைக்கிற எதையும் சொல்லாதீங்க.”

வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்தேன். நல்ல பெண். அதன் பிறகு சாயங்காலம் வரை எதுவும் சாப்பிட முடியவில்லை.

ஏப்ரல் 19

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நூலக வண்டி வந்தபோது வாசலுக்கே போகவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

மே 6

வாக்குமூலத்தை மறுபடி எடுத்தேன். சிவப்புக் கோடுகள். ஹார்கிரேவைப் பொய்யன் என்று நான் சொல்லாத ஆள் கிடையாது. தபால்காரரிடம்கூடச் சொன்னேன். இப்போது நான் சாட்சி நாற்காலியில் உட்கார்ந்து ‘ஒருபோதும் இல்லை’ என்று சொன்னால் அது என்ன? அவனுடையது ஒன்பது. என்னுடையது ஒன்றே ஒன்று. ஆனால் அவன் தெரியாமல் சொல்லியிருக்கலாம். அவன் 2016இல் வந்தவன். தடம் இருந்ததா இல்லையா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? யாரோ சொன்னதைச் சொன்னான். நான் தெரிந்தே சொல்வேன்.

அவனுக்காக நான் ஏன் வாதாடுகிறேன்? போதும்.

மே 15

தோட்டத்தில் பூ. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். இந்த வருஷம் கொஞ்சம் அதிகம்தான்.

மே 27

செட்ரிக்கிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

அவர் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். விரலாலேயே எல்லாம் செய்கிறார். நான் சொல்லி முடிக்கும் வரை கை நிற்கவில்லை. முடித்ததும் நின்றது.

வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன்.

“அப்போ வாயை மூடிட்டு இரு. செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்லப் போறதில்ல.”

நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், நேரில் கேட்பார்கள் என்றேன்.

“கேட்டா இல்லைன்னு சொல்லு. ஒரு வார்த்தை. வாழ்க்கையில ஒரு தடவை. ஊர்ல எல்லாரும் தினம் பத்து பொய் சொல்றாங்க.”

அந்த எல்லாரும் நான் இல்லை என்றேன். நான் சொன்ன விதம் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் என் காதைப் பார்த்தார். “உனக்கென்ன அம்மணி. உனக்குக் கண்ணு இருக்கு, சாலையில நடந்துப்பே. உன் பிடிவாதத்துக்கு என் வீட்டைக் கேக்காதே.”

பட்டாணிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால்கூட இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

ஜூன் 1

என்ன செய்ய? என்னதான் செய்ய?

ஒருவேளை கேட்க மாட்டார்கள். அறுநூறு கேள்வி இருக்கும்போது அதை ஏன் கேட்கப் போகிறார்கள்? எழுதித்தான் கொடுத்தாயிற்றே. கேட்காவிட்டால் நானாகச் சொல்ல வேண்டியதில்லை. அது பொய் ஆகாது.

ஆகாதா?

ஜூன் 13

நீலச் சட்டையைத் தேய்த்து வைத்தேன். மண்டபத்துக்கு செட்ரிக்கை யார் அழைத்துப் போவது என்று பேச்சே வரவில்லை. மகன் காரில் வருகிறானாம். எனக்கும் இடம் இருக்கிறதாம். மகன்தான் சொன்னான், அவர் இல்லை.

ஜூன் 14

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

விசாரணை அதிகாரி ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், மலையேறும் பூட்ஸ் போட்டிருந்தார். மேடையில் போன வாரத்து நாடகத் திரை இன்னும் தொங்கியது. கோட்டைச் சுவர் வரைந்த திரை. ஹார்கிரேவ் முன் வரிசையில். நான் நினைத்ததைவிட இளைத்திருந்தான். அவனுடைய ஆடு இரண்டை, வழியில் நடந்த யாருடைய நாயோ கடித்துக் கொன்றதைச் சொல்லும்போது குரல் ஒரு மாதிரி ஆனது. நாய்க்காகத்தான் பூட்டினேன் என்றான். அது அந்த ஒன்பது பொய்யில் சேராது.

முதலில் செட்ரிக். தான் கைக்குழந்தையாக வந்த 1939இலிருந்து சொல்லத் தொடங்கினார். வக்கீல் எதைக் கேட்டாலும் ஒரு கதை சொன்னார். பிரீஸிடம் நீங்கள் வேலை பார்த்ததுண்டா என்று கேட்டான். “அவன்கிட்ட வேலை பாக்குறதுக்கு பதிலா நான் சும்மாவே இருப்பேன்” என்றார். மண்டபமே சிரித்தது, அதிகாரியும். வெற்றி நமக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது. எல்லோருக்கும் தோன்றியிருக்கும்.

பிறகு நான். முக்கால் மணி நேரம். பாதை எங்கே திரும்பும், எந்த வரிசை மரத்துக்கு நடுவே போகும், வேலியைத் தாண்டுகிற வேலிப்படி எந்த மரத்தில் செய்தது. எல்லாம் சரியாகச் சொன்னேன். வக்கீல் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டான். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, பேனாவை மூடிக்கொண்டே படித்தான்.

“கேள்வி பதினொன்று. கதவு ஒருபோதும் பூட்டப்பட்டதில்லைன்னு எழுதியிருக்கீங்க. அது சரிதானே?”

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். நான் பெரிய உத்தமி இல்லை. மண்டபத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

“சரியில்ல” என்றேன். “நான்தான் பூட்டினேன்.”

பேனாவை மறுபடி திறந்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். சங்கிலி, பூட்டு, பதினெட்டு கிறிஸ்மஸ். எதற்காகப் பூட்டச் சொன்னார் தெரியுமா என்று கேட்டான். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். செம்மறிக்காக என்றிருக்கலாம். எட்கர் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். அதிகாரி எழுதி முடிக்கும் வரை நான் மேடைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டைச் சுவரில் ஒரு கல்லுக்கு நிறம் அடிக்க மறந்திருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது காரில் மகன் மட்டும் பேசினான். சாலை நெரிசலைப் பற்றி.

ஜூன் 15

இன்று அதிகாரி வழியை நடந்து பார்த்தார். எல்லாத் தரப்பும் கூடவே நடக்கலாம். ஆனால் யாரும் வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது, அது விதி. ஹார்கிரேவ் தானே வந்து பூட்டைத் திறந்தான்.

முக்கால் மைல். ஏழு பேர், ஒரு வார்த்தை இல்லை. மழை லேசாகத் தூறியது. அதிகாரி முன்னால், வக்கீல் தன் நல்ல ஷூவில் சேறு படாமல் தாண்டித் தாண்டி, பின்னால் ஹார்கிரேவ், நான், கிளெனிஸ். செட்ரிக் கடைசியில். மகன் கையைப் பிடிக்கப் போனான், அவர் விடவில்லை. இரட்டைப் பேரிமரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் உண்டு. அதிகாரி அதில் காலை விட்டார். வக்கீலும் விட்டான். செட்ரிக் நின்று, இடது பக்கமாகச் சுற்றிப் போனார். நாலு வருஷம் கழித்து, கண் இல்லாமல்.

அதிகாரி திரும்பி அதைப் பார்த்தார்.

ஜூலை 20

செட்ரிக் இன்னும் பேசவில்லை. ரொட்டி செய்து அவர் வாசலில் வைத்தேன். அங்கேயே இருந்தது. பறவைகள் தின்றுவிட்டன.

நான் செய்தது தப்பில்லை. தப்பில்லை என்றுதான் இன்றும் சொல்வேன். பிறகு ஏன் தினமும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது?

ஆகஸ்ட் 11

முடிவு வந்துவிட்டது. ‘மனுதாரரின் நேர்மையான சாட்சியத்தை ஏற்று’ பொதுவழி என்று கவுன்சில் போட்டிருந்த உத்தரவு உறுதிசெய்யப்படவில்லை. பொதுவழி இல்லை. அவ்வளவுதான்.

நேர்மையான என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறது. எதற்கு ஆகும் அது?

அவர் வீட்டு வாசலில் நின்று சத்தமாகப் படித்தேன். உள்ளே ரேடியோவில் கிரிக்கெட். குறைக்கவில்லை.

ஆகஸ்ட் 12

நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வண்டியிலிருந்த பெண், பயன்பட்டதா என்று கேட்டாள்.

செப்டம்பர் 20

காலை ஒன்பது மணிக்கு பிரேக் சத்தம். ஓடினேன். சாலை வளைவில் ஒரு டெலிவரி வேன் குறுக்கே நிற்கிறது. செட்ரிக் வேலிக்குள் பாதி, வெளியே பாதி. வேனின் பக்கக் கண்ணாடி சட்டைக்கையைப் பிடித்து இழுத்திருக்கிறது. கை உடையவில்லை, முகத்தில் முள். கண் ஊசிக்கு பஸ் பிடிக்கக் கிளம்பியிருக்கிறார். யாரிடமும் சொல்லாமல். என்னிடம் சொல்லாமல்.

வேன்காரனை உட்காரவைத்தேன். செட்ரிக்கைத் தூக்கினேன். அவர் எடை எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அவர் வீட்டு வாசலில், “மகன்கிட்ட சொல்லாதே” என்றார்.

மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

செப்டம்பர் 22

இன்று ஹார்கிரேவிடம் போனேன்.

எழுதுவதற்கே கை வரவில்லை. போனேன்.

தோட்டத்தில் மரம் உலுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆப்பிள் மழை மாதிரிக் கொட்டியது. என்னைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னான். சண்டைக்கு வந்தேன் என்று நினைத்திருப்பான். நானும் அப்படித்தான் நின்றேன்.

செட்ரிக் விழுந்ததைச் சொன்னேன். முதியோர் இல்லத்தைச் சொன்னேன். பிறகு, “அந்த வழியில எங்களை நடக்க விடணும்” என்றேன். கேட்பது மாதிரியே இல்லை என்று எனக்கே தெரிந்தது. மறுபடி, “விடுங்க. கேக்குறேன்” என்றேன்.

எழுபத்தேழு வருஷத்தில் யாரிடமும் கேட்டதில்லை. கொட்டகையில் கூலி உயர்வுகூடக் கேட்டதில்லை. மற்றவர்கள் கேட்டதில் எனக்கும் கிடைத்தது.

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “மண்டபத்துல நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தோத்திருப்பேன், தெரியுமா? என் வக்கீல் வெளியே வந்து அதைத்தான் சொன்னார்.”

தெரியும் என்றேன்.

“பிப்ரவரியிலேயே விடுறேன்னு எழுதினேனே மிஸஸ் காட்ஸால்.”

“அப்போ நான் கேக்கல.”

சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாயைக் கயிற்றில் பிடிக்க வேண்டும், கதவை மூட வேண்டும், இது உரிமை இல்லை அனுமதி என்று பலகை வைப்பேன் என்றான். சரி என்றேன். வேலிப்படியில் செட்ரிக் இனிமேல் ஏற முடியாது, அதை எடுத்துவிட்டு ஒரு ஆள் நுழைகிற சுழல் கதவு வேண்டும் என்றேன். அது செலவு என்றான். வழி விட்டால் ஒழுங்காக விட வேண்டும் என்றேன். “நீங்க கேக்குறதே இப்படின்னா, அதிகாரம் பண்ணா எப்படி இருக்கும்” என்றான். ஆனால் சரி என்றான்.

ஒன்பது பொய்யைப் பற்றி அவனிடம் பேசவில்லை. சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 5

செட்ரிக்கிடம் வழி திறக்கிறது என்று மட்டும் சொன்னேன். எப்படி என்று கேட்டார். ஹார்கிரேவிடம் பேசினேன் என்றேன். அனுமதியா என்றார். நான் பதில் சொல்வதற்குள், “அனுமதின்னா நான் வரல. முன்னாடியே சொல்லிட்டேன்” என்று உள்ளே போனார்.

அவரைவிடப் பிடிவாதக்காரி நான் என்று ஊரில் சொல்கிறார்கள். ஊருக்கு என்ன தெரியும்!

அக்டோபர் 21

சுழல் கதவு வைத்துவிட்டார்கள். நல்ல வேலை. கீல் கொஞ்சம் இறுக்கம். நான் இன்னும் அதன் வழியே போகவில்லை. சாலையிலேயே போகிறேன்.

நவம்பர் 1

ஊசி தேதி ஒன்பதாம் தேதி. பஸ் பத்து ஐந்துக்கு. அன்று சாலையில் போவாரா? காலையில் எழுந்ததும் அவர் வாசலைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது.

நவம்பர் 9, புதன்

ஒன்பதே காலுக்கு அவர் கதவு திறந்தது. கோட்டு, கம்பு. நான் என் கோட்டோடு வாசலில் தயாராக நின்றிருந்தேன். சாலைப் பக்கம் இரண்டு அடி வைத்தார். சரளைக்கல் லாரி ஒன்று வளைவில் வந்தது. நின்றார். லாரி போன பிறகும் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமல், “அந்தக் கதவு எங்கே வெச்சிருக்கான்?” என்றார்.

காட்டினேன். கையால் தடவிப் பார்த்து, வேலை மோசமில்லை என்றார். உள்ளே நுழைந்ததும் பலகையில் கம்பு இடித்தது. அவர் உயரத்துக்குச் சரியாக, வெள்ளையில் கறுப்பு எழுத்து, ஐந்து வரி.

“என்ன எழுதியிருக்கு?”

“நடைபாதைன்னு எழுதியிருக்கு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

கம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பலகையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இரண்டு கையாலும் அளந்தார். மேலிருந்து கீழும் அளந்தார்.

“ஒரே ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பெரிய பலகையா” என்றார்.

அவர் என் காதைப் பார்த்தார், கொஞ்ச நேரம். பிறகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். புல் ஈரமாக இருந்தது. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் மெதுவாகவே நடந்தோம்.